சொட்டுநீர்ச் செலவு எல்லாப் பழத்துக்கும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழத்தோட்டத்தில் சொட்டுநீர் அமைக்கும் செலவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மாவுக்கும் வாழைக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகையைப் போட்டிருந்தது. அது எப்படிச் சரியாகும்? வரிசைக்கு ஒரு லேட்டரல் குழாய் (மர வரிசையை ஒட்டி ஓடும் மெல்லிய சொட்டுக் குழாய்) என்று வைத்தாலே, ஒரு ஹெக்டேரில் 10 மீட்டர் இடைவெளி விட்ட மாந்தோப்புக்கு 1,000 மீட்டர் குழாய் போதும், 5 மீட்டர் விட்ட கொய்யாவுக்கு 2,000, 1.8 மீட்டரில் நட்ட வாழைக்கோ 5,500 மீட்டருக்கு மேல் வேண்டும். மா பெரிதானதும் மரத்தைச் சுற்றி வளையக் குழாய் போட வேண்டிவரும்தான். அப்போதும் வாழை அளவுக்குப் போகாது.

குழாய் குறைவு என்பதால் மாவில் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும் என்றும் சொல்வதற்கில்லை. வாழை ஓராண்டை ஒட்டித் தார் தந்துவிடும். மா ஒட்டுக்கன்று கணிசமாகக் காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும். அதுவரை முதலுக்கு வட்டி ஓடும்.

மிச்சமாகும் தண்ணீரை அப்படியே வருமானமாக எழுதியதிலும் எனக்கு உடன்பாடில்லை. தண்ணீருக்கோ மின்சாரத்துக்கோ அளந்து காசு கட்டுகிறவருக்கு அது பொருந்தும். மற்றவருக்கு, அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் நிலத்துக்குப் பாய்ச்சினால்தான் வரவு. அப்படிப் பாய்ச்சினால் தோட்டக்காரருக்கு லாபம். நிலத்தடி நீர்மட்டம் ஏறாது. வாய்க்காலில் விட்டபோது கசிந்து கீழே இறங்கிய பங்கும் இல்லாமல் போவதால், சில இடங்களில் இன்னும் இறங்கவும் கூடும்.

காசு நிஜமாகக் கண்ணுக்குத் தெரிவது பழத்தின் தரத்தில். மாதுளையைக் காயவிட்டுத் திடீரென்று நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். வெடித்ததை யார் நல்ல விலைக்கு எடுப்பார்கள்? சீராகச் சொட்டும்போது அந்தச் சேதம் குறைகிறது. கரையும் உரத்தைக் குழாயிலேயே விடுவதால் உரமும் கூலியும் மிஞ்சும், களையெடுப்பும் குறையும்.

பராமரிப்பையும் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. புதைத்த பிவிசி மெயின் குழாய் நெடுங்காலம் நிற்கும்; வெயிலில் கிடக்கும் லேட்டரல் அவ்வளவு தாங்காது. மணிக்கு 4 லிட்டர் விட வேண்டிய டிரிப்பர் (நீர் சொட்டும் முனை) உப்புப் படிந்து 2 லிட்டர் விட்டாலும், பார்வைக்குச் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். மகசூல் குறைந்த பிறகுதான் உறைக்கும். அமிலம் விட்டுக் கழுவுவது, ஃபில்டர் சுத்தம், எலியும் அணிலும் கடித்த குழாயை மாற்றுவது (இந்தக் கடைசிச் செலவை எந்த அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை) எல்லாம் ஆண்டுதோறும் வரும்.

அடுத்த முறை பயிர்வாரியாக, காய்ப்புக்கு வரும் ஆண்டையும் சேர்த்துக் கட்டுரையாளர் கணக்குப் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழத்தோட்டக்கார வாசகர் ஒருவர்