முதல் மாதத்துச் சோறு

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. வீடு ஒதுக்கிக் கொடுத்த குடும்பம் மூன்றே மாதத்தில் மறுபடியும் நடைபாதைக்கு வந்துவிட்டது என்று நொந்துபோய் எழுதியிருக்கிறாய். அவர்கள்மேல் கோபப்படாதே அம்மா.

சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் மூன்று தலைமுறையாக இருந்த பூக்காரக் குடும்பம் ஒன்றுக்கு, அங்கிருந்து வெகு தொலைவில் உள்ள பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தபோது நானும் உடன் போயிருந்தேன். அந்தப் பெண் கதவைப் பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். அதுவரை அவள் பூட்டிவைத்ததெல்லாம் துணிமணி போட்ட ஒரு நீல டிரம்மைத்தான். அன்றிரவு வண்டிச் சத்தம் இல்லாமல் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கவே இல்லையாம்.

இரண்டாவது வாரமே பழைய இடத்தில் அவளைப் பார்த்தேன். விடியுமுன் கோயம்பேட்டில் நின்றால்தான் பூ மலிவாகக் கிடைக்கும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அவள் கிளம்ப வேண்டிய நேரத்துக்குப் பஸ் கிடைக்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் நடைபாதையிலேயே படுத்துக்கொண்டாள். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. அன்றிலிருந்து எவ்வளவோ வீடுகள் கட்டியாயிற்று. பிழைப்பு ஓர் ஊரிலும் வீடு ஓர் ஊரிலுமாக இருந்தால் அவள் எங்கே போவாள்?

பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பேசிக் கொடுத்தோம். எட்டாம் நாள் நின்றுவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது. நேரில் போய்க் கேட்டபோது, "மாதக் கடைசியில்தான் சம்பளம் என்றால் அதுவரை பிள்ளைகளுக்கு என்ன போடுவேன் அம்மா?" என்றாள். அன்றன்று விற்ற காசில் அன்றன்று உலை வைத்தவள். வேலை தேடிக் கொடுத்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தோம். நடைபாதையில் முகவரி இல்லாததால் ரேஷன் அட்டையும் இல்லை. வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி விண்ணப்பித்தோம். சின்னவனை அங்கன்வாடியில் விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குப் போனாள். இன்றும் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார். ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்காதே. காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவார்கள், கூலி எப்போது கைக்கு வரும், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரி. பணம் ஏதாவது தேவைப்பட்டால் எழுது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா