ஹோட்டல் இலையில் கீரைக்கும் ஓர் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உணவுச் சிறப்பிதழை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். வீட்டுச் சமையலுக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியது நல்ல யோசனை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுப் பகுதியில் கீரை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஹோட்டல் பகுதியில் பாலக் பனீரை விட்டால் கீரை என்ற பேச்சே இல்லை. இதில் உங்கள் குறை ஏதுமில்லை. ஊரில் கிடைப்பதைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். நெய் ரோஸ்ட்டை அங்கே சாப்பிடுவதுதான் சரி. அந்தப் பெரிய இரும்புக் கல்லின் கனம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மாவு விழுந்ததும் கல் ஆறிப்போவதில்லை. நம் வீட்டு அடுப்பில் அந்த மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது. தந்தூரி ரொட்டியும் வீச்சு பரோட்டாவும் அப்படித்தான். அவரவர் கைப்பக்குவத்தை அவரவரிடம் போய்த்தான் ருசிக்க வேண்டும்.

ஆனால் கீரை அப்படிப் பெரிய கல்லோ தந்தூர் அடுப்போ கேட்கும் பண்டம் அல்ல. ஒரு சட்டியும் மத்தும் போதும். அதிலும் நம் ஊர்களில் எத்தனை பக்குவம்! தஞ்சாவூர்ப் பக்கம் அரைக்கீரையை வேகவைத்து மசித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல் தாளித்த மசியல். கோவைப் பக்கம் சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து வேகவைத்துச் சட்டியிலேயே கடைந்துவிடுவார்கள். கன்னியாகுமரியில் தேங்காய்த் துருவலோடு துவரன். செட்டிநாட்டில் அரிசி கழுவிய தண்ணீரை விட்டுக் கீரை மண்டி. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கேழ்வரகுக் களிக்குப் புளிச்சக்கீரை. முருங்கைக்கீரை அடையைச் சூடாக, மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு வேறு சிபாரிசு தேவையில்லை. இத்தனை ருசியும் வீட்டு வாசலைத் தாண்டி வராமல் கிடக்கிறது என்பதே என் ஆதங்கம்.

மெஸ்களில் கீரை போடுகிறார்கள், மறுக்கவில்லை. பெரிய ஹோட்டல்களிலும் மதியச் சாப்பாட்டில் சில நாள் கூட்டாக வரும். ஆனால் அது அன்றைய அதிர்ஷ்டம். நாமாகக் கேட்டு வாங்குகிற மாதிரி, விலை போட்டு, மெனுவில் ஒரு வரியாகக் கீரை நிற்பது அபூர்வம்.

இதைச் சொன்னால் என் வீட்டிலேயே ஒரு கேள்வி எழுகிறது: ‘வீட்டில் தினமும் சாப்பிடுவதை ஹோட்டலிலும் போய் யாராவது காசு கொடுத்துச் சாப்பிடுவார்களா?’ வீட்டில் சமையல் நடக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயம். அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து வரும் நர்ஸ்கள், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள், தனியாக இருக்கும் வயதானவர்கள் இவர்களுக்கெல்லாம் ஹோட்டல்தான் அடுப்படி. பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்ததும் பெற்றோரிடம் முதலில் கேட்பது கறிக்குழம்புக்கு அடுத்தபடியாகக் கீரையும் ரசமும்தான் என்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ருசிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் 53 சதவீதத்துக்கு மேல். கீரை ஒன்றே இதைத் தீர்த்துவிடாது. கீரையில் உள்ள இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். ஆனாலும் தினம் வெளியில் சாப்பிடும் ஒரு பெண்ணுக்குக் கீரை கண்ணிலேயே படாமல் வாரங்கள் போகின்றன என்றால் அது வருத்தப்பட வேண்டிய விஷயம்.

ஹோட்டல்காரர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும். கட்டுக்கட்டாக வாங்கினாலும் வெந்ததும் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிடும். மண் போக நாலு தண்ணீரில் அலச வேண்டும். காலையில் வாங்கியது சாயங்காலம் வாடிவிடும். எல்லாவற்றையும் விட, ஆய்வதற்கு ஆள் வேண்டும். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆய்ந்த கீரையைக் கொடுக்க அந்தந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் பேசலாம். அவர்களுக்கும் நிலையான வருமானம். முருங்கைக்கீரையை ராத்திரியே துணியில் இறுகக் கட்டி வைத்தால் காலையில் உதறும்போதே இலை கொட்டிவிடும். இரவில் கீரை ஆகாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், எனவே மதியத்துக்கு மட்டும் செய்தால் போதும், மிஞ்சாது. மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறமும் ஓரளவு நிற்கும். முளைக்கீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடலாம். அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் தழைக்கும். ஊரைச் சுற்றிக் கால் ஏக்கர், அரை ஏக்கரில் கீரை போடுகிறவர்களுக்கு தினமும் வாங்கும் ஒரு ஹோட்டல் கிடைத்தால் எவ்வளவு தெம்பு!

மற்ற ஊர்களில் இது நடக்காமல் இல்லை. குளிர்காலம் வந்தால் பஞ்சாபின் தாபாக்களில் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் கேட்டு வருகிறார்கள். மேலே வெண்ணெய் வைத்துக் கொடுப்பார்கள். கொல்கத்தாவில் பைஸ் ஹோட்டல் எனப்படும் பழைய மலிவுவிலைச் சாப்பாட்டுக் கடைகளில் அன்றைய பதார்த்தங்களைப் பலகையில் எழுதிப் போடும்போது கீரையும் அதில் இடம் பெறும். இலங்கையில் சோறும் கறியும் விற்கும் சாதாரணக் கடையில்கூடப் பொன்னாங்காணி வறையோ வல்லாரைச் சம்பலோ சோற்றோடு வந்துவிடும். வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே வேண்டாம்: பொடியாக அரிந்த இலை, தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சைச்சாறு, உப்பு.

நம் ஹோட்டல் உரிமையாளர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மதியம் ஒரு கிண்ணம் கீரை, தனியாக விலை போட்டு. வாசல் பலகையில் ‘இன்றைய கீரை: பொன்னாங்கண்ணி’ என்று பெயரோடு எழுதுங்கள். வெறும் ‘கீரை’ என்று போட்டால் போதாது. மணத்தக்காளிக்குக் காத்திருப்பவர் வேறு, அகத்திக்குக் காத்திருப்பவர் வேறு. வடைக்குக் கொடுக்கிற விலையைக் கீரைக்கும் கொடுக்க நாங்கள் தயார்.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த இதழில் சிறு கட்டம் ஒன்று ஒதுக்கி, எந்த ஊரில் எந்தக் கடையில் என்ன கிழமை என்ன கீரை கிடைக்கிறது என்று வாசகர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். மதுரைக்கான விவரங்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை