நினைவுக்குறிப்புகளில் மறுதரப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் ஓசை போன்றவற்றை உணர்வதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை) உள்ள துணைவரோடு வாழ்ந்து, அவரை இழந்தபின் அந்த இல்லறத்தை நினைவுக்குறிப்பாக எழுதுவோர் சிலர், 'என் மனம் அவருக்குப் புரியவே இல்லை' என்ற ஒரே முறையீட்டின் மீது முழு நூலையும் எழுப்பிவிடுகின்றனர். ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்தின்படி, இந்தப் புரியாமை இருபுறமும் நிகழ்வது. எனவே துணைவரைத் தாம் எங்கே புரிந்துகொள்ளவில்லை என்பதையும் எழுதுபவர் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெறாத ஆட்டிசம், அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்பே ஆட்டிசம் உள்ளவரை மணமுடித்தவர்களில் பெரும்பாலோர், பெயர் தெரியாத ஒன்றோடுதான் குடித்தனம் நடத்தினர். விருந்தினர் வந்ததும் அறைக்குள் போய்விடும் மாப்பிள்ளைக்கு உறவினர் வைத்த பெயர் 'தலைக்கனம்'. (பெண்ணாக இருந்தால் சொல் இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.) ஆயினும், எந்த மருத்துவரும் கண்டறியாத நிலையை இறந்தவருக்கு நாமே உறுதியாகச் சூட்டுவது முறையன்று. பாத்திரம் உருளும் ஓசையை அவரால் தாங்க முடியவில்லை என்று கண்டதைக் கண்டபடி எழுதினாலே வாசகர் புரிந்துகொள்வர்.

மறுமணத்தை விடுதலையாகக் காட்டுவதற்காக முந்தைய மணத்தைச் சிறையாக்கும் போக்கும் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டிசம் உள்ள கணவர்களும் மனைவியரும் தாமே எழுதும் இல்லற அனுபவங்களைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தஞ்சாவூர்.