சூளைக்குப் போகும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளையொட்டி வெளியான தங்கள் தலையங்கம், பெற்றோரின் விழிப்புணர்வைப் பற்றியே அதிகம் பேசியது. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களிடம் குறைவது விழிப்புணர்வு அல்ல. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, இன்னும் சுடாத பச்சைக்கல்லைப் புரட்டிப் போடும் பிள்ளையின் கையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முன்பணம் வேறு வாங்கியிருப்பார்கள், பாவம்.

விழுப்புரம் பக்கம் ஆசிரியராக இருந்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்ததும் என் வகுப்பில் நான்கைந்து இடங்கள் காலியாகிவிடும். ஜூனில் திரும்பி வரும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே திணறுவார்கள். ஆனால் பதிவேட்டில் அவர்கள் 'இடைநின்றவர்கள்' இல்லை, 'நீண்ட விடுப்பு'தான்! மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. சரி, சேர்ப்பதற்கு முதலில் யாராவது தேடிப் போக வேண்டுமே? டிசம்பரிலேயே ஒவ்வொரு பள்ளியும் வெளியூர் செல்லும் பிள்ளைகளின் பட்டியலைச் சூளைக்கு அருகிலுள்ள பள்ளிக்கு அனுப்பவும், அங்கிருந்து வேன் ஏற்பாடு செய்யவும் கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்