ஃபிட்டிங்கில் அடித்த ஷாஃப்ட் வேறு, கையில் கொடுத்தது வேறு

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்
பொருள்: ஆர்டர்படி கோல்ஃப் டிரைவர் (தூர அடிக்கான மட்டை) தராதது, அதன் ஷாஃப்டை (தண்டை) மாற்றித் தரக் கோரிக்கை
இணைப்பு: ரசீது, ஃபிட்டிங் தாள், படங்கள்

ஐயா,

வணக்கம். என் அடியை அளந்து அதற்கேற்ற மட்டையைத் தேர்ந்தெடுக்கும் ஃபிட்டிங்குக்குத் தனிக் கட்டணம், ஷாஃப்டுக்கு மட்டும் கூடுதலாக 420 வெள்ளி, எல்லாவற்றின் மேலும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று கட்டி உங்கள் கடையில் ஒரு டிரைவர் வாங்கினேன். அதில் மாட்டியிருப்பது நான் அடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஷாஃப்ட் அல்ல. பெயர் அதே, நிறம் அதே, ஸ்டிஃப், அதாவது விறைப்பு ரகம் என்பதைக் குறிக்கும் 'எஸ்' என்ற எழுத்தும் அதே. சரக்கு மட்டும் வேறு.

ஃபிட்டிங் செய்த தம்பியைக் குறை சொல்லவே மாட்டேன். வேலை தெரிந்த பிள்ளை. என் ஸ்விங் ஸ்பீட் (மட்டையை வீசும் வேகம்) மணிக்கு 110 மைல் வருவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் விறைப்பான எக்ஸ்-ஸ்டிஃப்பை எடுத்து நீட்டவில்லை. வேகம் மட்டும் போதாது, மேலிருந்து கீழே இறங்கும்போது எவ்வளவு வெடுக்கென்று இழுக்கிறீர்கள் என்பதும் கணக்கு என்றார். நான் பந்தை இரண்டு டிகிரி கீழ்நோக்கி அடிப்பதால் ஸ்பின் (பந்தின் சுழற்சி) ஏறுகிறது என்று திரையிலேயே காட்டினார். 9 டிகிரி லாஃப்ட் (முகச் சாய்வு) உள்ள தலை, 60 கிராம் வகையில் டார்க் (முறுக்கிக்கொள்ளும் அளவு) குறைந்த ஷாஃப்ட், நீளம் 45 அங்குலம் என்று முடிவானது. அந்தச் சேர்க்கையில் பந்தின் வேகம் 163 மைல், ஸ்பின் நிமிடத்துக்கு 2,450 சுற்றை ஒட்டி, ஏறுகோணம் 12 டிகிரி. இவை உங்கள் தாளில் உங்கள் கடை முத்திரையோடு இருக்கின்றன.

கைக்கு வந்த டிரைவரோ முதல் நாளிலிருந்தே இடது பக்கம் இழுக்கிறது. நான் வலது கைக்காரன். அழுத்தி அடித்தால் ஹூக் (இடது பக்கம் வளைந்து போவது), நிதானமாக அடித்தால் பந்து பட்டம் மாதிரி மேலே ஏறி அங்கேயே நிற்கிறது. மரினா பே பொது கோல்ஃப் திடல் 2024 ஜூனில் மூடியபிறகு, கிளப் உறுப்பினர் அல்லாத என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் ஜொகூர்தான் கதி. விடியற்காலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்துப் போய், முதல் அடியிலேயே பந்தைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டுத் திரும்புவதற்கு யாருக்கும் ஆசை கிடையாது.

பயிற்சித் திடலில் தரும் ரேஞ்ச் பந்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று உங்கள் ஊழியர் சொன்னார். நியாயம்தான், அந்தப் பந்துகள் பறப்பதே வேறு. ஆகவே நான் வழக்கமாக விளையாடும் பந்துகளையே எடுத்துக்கொண்டு வேறொரு இடத்தில், உங்களிடம் இருக்கும் அதே வகை லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் வேகம், சுழற்சியை அளக்கும் கருவியில்) அடித்துப் பார்த்தேன். ஸ்விங் ஸ்பீட் மாறவில்லை. ஸ்பின் 3,200க்கு ஏறிவிட்டது.

பிறகு கிளப் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் அளந்தது நீளத்தை: 45 முக்கால் அங்குலம். அதாவது யாரும் இந்த ஷாஃப்டை வெட்டவே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடி அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருக்கிறீர்கள். அடுத்து கிரிப்புக்குக் கீழே விளக்கைப் பிடித்துக் காட்டினார். சோதனை ஷாஃப்டில் அந்த இடத்தில் எடையும் டார்க்கும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தன. ஃபிட்டிங் அன்று நான் எடுத்த படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இதில் அந்த இடம் வெறும் கறுப்பு. தயாரிப்பாளரின் அட்டவணைப்படி தனியாக விற்கும் ஷாஃப்டின் டார்க் 3.2 டிகிரி, டிரைவரோடு சேர்த்து அனுப்பும் ரகத்துக்கு 4.4. கடைசியாக அதிர்வெண் மானியில் பூட்டினார். என்னுடையது நிமிடத்துக்கு 247 அதிர்வு; எண் குறைந்தால் விறைப்பும் குறைவு. தனி விற்பனை ஷாஃப்டை அதே நீளத்தில் வைத்தபோது 261.

ஒரே பெயரில் இரண்டு ரகம் வருவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஃபூஜிகுரா நிறுவனத்தின் வென்டஸ் ஷாஃப்டில் வெலோகோர் என்ற உள்ளமைப்பு உள்ளதா, இல்லாததா என்று கேட்டு வாங்கும் பழக்கமே அதனால் வந்ததுதான் (என்னுடையது வேறு நிறுவனத்தின் ஷாஃப்ட்). இரண்டாவது ரகம் மட்டம் என்றும் நான் சொல்லவில்லை. 95 மைலில் அடிப்பவருக்கு அது அருமையாகவே இருக்கலாம். ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கு அல்ல.

இதையெல்லாம் கடையில் எடுத்துச் சொன்னபோது முகப்பில் கிடைத்த பதில்: "எஸ்னா எஸ்தான் அங்கிள், உங்க வயசுக்கு இது போதும்." வயதைப் பார்த்துத்தான் ஷாஃப்ட் கொடுப்பீர்கள் என்றால் லாஞ்ச் மானிட்டர் எதற்கு, அதற்குக் கட்டணம் எதற்கு? எஸ்னா எஸ் என்பதும் தவறு. தலை 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது, நீளம் 48 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று விதி எழுதிய ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ அமைப்புகள் 'எஸ்' எழுத்துக்கு எந்த அளவும் வைக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலராக இருக்கும். அந்த எழுத்தை நம்ப முடியாது என்பதால்தானே ஃபிட்டிங்குக்கே வருகிறோம்.

சமாதானமாக, ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் ஸ்லீவைத் திருப்பி லாஃப்டைக் குறைத்துத் தந்தார்கள். லாஃப்டைக் குறைத்தால் தலையின் முகம் வலது பக்கம் திறந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இழுப்பு கொஞ்சம் குறைந்தது உண்மை. பதிலுக்கு நடுவில் பட்ட நல்ல அடியெல்லாம் வலது பக்கம் போகிறது. போதாததற்கு ஷாஃப்டோடு கிரிப்பும் சுழன்று, அதன் அடியில் இருக்கும் மேடு இப்போது என் விரலில் தப்பான இடத்தில் உறுத்துகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஃபிட்டிங் தாளில் எழுதியுள்ள அதே ஷாஃப்டை, 45 அங்குலத்துக்கு வெட்டி, ஸ்லீவைப் பழைய நிலையில் வைத்து, கூடுதல் செலவில்லாமல் மாட்டித் தாருங்கள். அன்று ஃபிட்டிங் செய்த தம்பி முன்னிலையில் உங்கள் மானிட்டரில் அடித்துப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். அந்த ஷாஃப்ட் கையிருப்பில் இல்லையென்றால் டிரைவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஃபிட்டிங் கட்டணம் உட்பட முழுப் பணத்தையும் தாருங்கள். கடைக் கூப்பன், அடுத்த முறை கழிவு என்பவை வேண்டாம்.

2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் லெமன் சட்டத்தின்படி, ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைச் சரிசெய்யவோ மாற்றவோ கேட்கும் உரிமை எனக்கு உண்டு. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவர் பொறுப்பு. நான் அந்த ஆறு மாதத்துக்குள்தான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், தேவைப்பட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கும்.

இப்போதுள்ள ஷாஃப்டோடு டிரைவர், அதிர்வெண் அளவு எழுதிய சீட்டு, இரண்டு மானிட்டர் அறிக்கைகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக உள்ளன. வார நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் அழைத்தால் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
யீஷூன், சிங்கப்பூர்