"மக்கள் தீர்ப்பு" என்ற சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட் பற்றிய சென்ற இதழின் கட்டுரையில், 2016 இல் பிரித்தானிய மக்கள் தீர்ப்பு வழங்கிவிட்டார்கள், அதற்குப் பிறகும் பாராளுமன்றம் இழுத்தடித்தது துரோகம் என்று ஒரு வரி வந்திருந்தது. மூன்று தரம் வாசித்தேன். உங்கள் பத்திரிகையில் இப்படியொரு வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரே கேள்விக்கு மக்களே நேரடியாக வாக்களிக்கும் சர்வசன வாக்கெடுப்பு எங்களுக்குப் புதிதா? 1982 டிசம்பர் 22 அன்று யாழ்ப்பாணத்தில் வரிசையில் நின்று வாக்களித்தவன் நான். ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். விளக்கா, குடமா என்று கேட்டார்கள். விளக்கு வென்றால் பொதுத்தேர்தல் கிடையாது, இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடம் இருக்கும். எங்கள் ஊர் குடத்துக்குப் போட்டது. நாடு முழுக்க எண்ணியபோது விளக்கு வென்றது. 1977 க்குப் பிறகு அடுத்த பொதுத்தேர்தல் 1989 இல்தான் வந்தது. இடையில் எங்களுக்கு என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேள்வியை எழுதுகிறவன் கையில்தான் பாதி முடிவு இருக்கிறது என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

சரி, 2016 க்கு வருவோம். வெளியேற 51.9 வீதம், இருக்க 48.1 வீதம். இதில் "மக்கள்" யார்? என் பக்கத்து வீட்டில் ஒரு போலந்துப் பெண். பதினொரு வருடமாக இங்கே மருத்துவமனையில் வேலை செய்து, வரி கட்டி, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்கு வாக்கு இல்லை. கொழும்பிலிருந்து படிக்க வந்து எட்டு மாதமே ஆகியிருந்த என் அக்காவின் மகனுக்குப் பொதுநலவாய நாட்டவன் என்ற முறையில் வாக்கு இருந்தது. வாக்கெடுப்பு நாள் மாலை அந்தப் போலந்துப் பெண் என்னிடம் "நீங்கள் போட்டீர்களா?" என்று கேட்டபோது முகம் பார்த்துப் பதில் சொல்ல முடியவில்லை.

கேட்ட கேள்வியோ, இருப்பதா, வெளியேறுவதா என்பது மட்டும். ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சந்தையான ஒற்றைச் சந்தையில் இருப்போமா, அயர்லாந்து எல்லையில் என்ன செய்வோம் என்று அந்தச் சீட்டில் ஒரு சொல் இல்லை. கேள்வி கேட்ட அன்றைய பிரதமர் டேவிட் கமரூன் முடிவு வந்த அன்று காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்துவிட்டார். விடை எழுதும் வேலை பாராளுமன்றத்தின் தலையில் விழுந்தது. அதைச் செய்ததா துரோகம்? 1979 இல் ஸ்கொட்லாந்தில் 51.6 வீதம் பேர் தனிச் சபை வேண்டும் என்று வாக்களித்தும், மொத்த வாக்காளரில் 40 வீதம் சேரவில்லை என்று சபையைக் கொடுக்கவில்லை. அதுவும் இதே நாடுதான். 2016 இல் அப்படி ஒரு வரம்பும் வைக்கவில்லை, முடிவு அரசைக் கட்டுப்படுத்தும் என்று சட்டத்திலும் எழுதவில்லை. பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று சொன்ன நீதிபதிகளை இங்குள்ள ஒரு நாளிதழ் முன்பக்கத்தில் "மக்களின் எதிரிகள்" என்றது. உங்கள் கட்டுரையிலும் அதே வாடை அடித்தது. அதுதான் என் மனத்தாங்கல்.

பாராளுமன்றம் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். இல்லை. 2024 இல் தொழிற்கட்சி 33.7 வீத வாக்கோடு 411 ஆசனம் எடுத்தது. ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 வீதம் கிடைத்தும் ஐந்தே ஆசனம். அந்தக் கட்சியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் இது நியாயமில்லை. என்றாலும் நான் தெரிவு செய்தவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். 1982 இல் அந்த வழியைத்தான் அடைத்தார்கள்.

அந்த 2024 தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. தம்பியின் மகள் முதல் வாக்குப் போட என்னோடு வந்தாள். வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். பாஸ்போர்ட் விசாவுக்காகத் தூதரகத்தில் இருந்தது. லண்டன் பஸ், ரயிலுக்கான, படம் ஒட்டிய மாணவர் ஒய்ஸ்டர் அட்டையை நீட்டினாள், செல்லாது என்றார்கள். அறுபது வயதுக்காரனான என்னுடைய ஒய்ஸ்டர் அட்டை செல்லும். பிள்ளை அழுதுகொண்டு திரும்பினாள். முன்கூட்டியே விண்ணப்பித்திருந்தால் வாக்காளர் சான்றிதழை இலவசமாகக் கொடுத்திருப்பார்கள் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மாத உங்கள் இதழைத் தேடி எடுத்துப் பார்த்தேன். திருமண மண்டபங்களுக்கு நான்கு பக்கம் இருந்தது, இதைப்பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்பாவது, எந்தெந்த அட்டை செல்லும், அந்தச் சான்றிதழுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அரைப் பக்கம் போடுங்கள். இடத்துக்குக் காசு வேண்டுமென்றால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
பல வருடச் சந்தாதாரர் ஒருவர்,
லண்டன்