பரிமாற்றப் படிப்பில் கிரெடிட் கைநழுவும் இடம்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் பரிமாற்ற மாணவர்கள், விசாவுக்கும் விடுதிக்கும் அலைவதில் பாதியைக்கூடப் பாட ஒப்பந்தத்துக்கு, அதாவது அங்கே படிக்கப்போகும் பாடங்களை முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொள்ளும் ஆவணத்துக்கு, செலவிடுவதில்லை. ஐரோப்பாவில் முழுநேரச் செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான கிரெடிட் முறை) கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு, தானாகப் படிப்பதும் சேர்த்து. போய் இறங்கியதும்தான் தேர்ந்தெடுத்த பாடம் அந்தப் பருவத்தில் இல்லை, அல்லது இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வருகின்றன என்று தெரியவரும். இது அடிக்கடி நடப்பதுதான். மாணவரும் வேறு பாடத்துக்கு மாறிவிடுவார். எழுத்தில் பதிவு செய்யமாட்டார். திரும்பி வந்ததும் அந்தக் கிரெடிட் சிக்கலாகிவிடும்.

புறப்படும் முன்பே இரண்டு மூன்று மாற்றுப் பாடங்களுக்கும் துறையின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸில் பாடம் மாறினால் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூன்று தரப்பும் திருத்தத்துக்கு ஒப்ப வேண்டும். பேராசிரியர் வாய்மொழியாகச் "சரி" என்றதை நம்பி இருந்துவிடக் கூடாது. பாடத்திட்ட நகலையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் பெயரை மட்டும் பார்த்து, அது இங்குள்ள பாடத்துக்குச் சமம் என்று எந்தத் துறை ஏற்கும்? அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே இணையதளத்தில் இல்லாமல் போகலாம்.